முழங்கை

எலத்தகிரிக் கோயிலில்
பிறந்த நாற்பதாம் நாள் என் நெற்றியில் ஊற்றிய தண்ணீருக்குச்
சான்றிதழ் இருக்கிறது.
ஞானத்தாய் பெயர், ஞானத்தகப்பன் பெயர், சாமியார் கையெழுத்து.
என் பெயரும்: லூர்து செசிலி.
நான்தான் அங்கே இல்லை.
வீறிட்டு அழுதேனாம்.
அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

நாற்பத்து மூன்று வயதில்,
மாங்கூழ் ஆலையில் நைட் ஷிப்டு முடிந்து
விரலெல்லாம் மஞ்சளாக
பர்கூர் ரோட்டில் ஒரு மாடி ஏறினேன்.
கீழே டயர் ரீட்ரேடிங், மேலே பாப்டிஸ்ட் சபை.
சொரூபம் கிடையாது, மெழுகுவத்தி கிடையாது,
வேகிற ரப்பர்தான் தூபம்.

சேரணும் என்றேன்.
வாரநாளில் டெம்போ ஓட்டும் பாஸ்டர் யோபு
சபையைக் கேட்கணும் என்றார்.
பிஷப்பை இல்லையா?
அப்படி யாரும் இல்லை.
மேலிடம்?
அண்ணாந்து பார்த்தார். தகரம்.

மாதக் கூட்டத்தில் இருபத்து மூன்று பேர்.
கிரானைட் ஏற்றுமதி செய்கிறவர் கைக்கும்
அவர் ஆபீஸைப் பெருக்குகிற சின்னதாயி கைக்கும்
ஒரே எடை.
இரண்டு விரல் இல்லாத ஒரு கை மட்டும்
மடியிலேயே கிடந்தது.
குவாரியில் வெடி வைத்த முனிரத்னம்.
"அந்தக் கோயில் மேல கோவமா,
இல்ல கர்த்தர் மேல விசுவாசமா?"
ரெண்டும்தான் என்றேன்.
கலந்து கிடக்கு, பிரிக்கத் தெரியல.
கை எழும்பவே இல்லை.
ஒருவருக்குச் சம்மதமில்லை என்று நோட்டில் எழுதி
பாஸ்டர் பக்கத்தைத் திருப்பினார்.
யாரும் அவரை வற்புறுத்தவில்லை.
இங்கே அது வழக்கமில்லையாம்.

மூன்று வாரம் பாடம்.
தண்ணீர் இரட்சிக்காது.
தண்ணீர் அடையாளம்.
பழைய கதைகளும் உண்டு:
ஒரு தேசத்தில் இரண்டாம் முறை முழுகினவர்களைப் பிடித்து
மூன்றாம் முறையாக ஆற்றில் அமுக்கிக்
கொன்றார்களாம்.
மனச்சாட்சிக்கு ராஜா அதிகாரியல்ல என்று எழுதினவர்
ஜெயிலில் செத்தாராம்.
ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடிப்போன ஒருவர்,
நம்பத் தகுந்த கை பக்கத்தில் எதுவும் இல்லாமல்
தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டாராம்.
பிறகு அதுவும் செல்லுமா என்று குழம்பினாராம்.
எனக்கு அந்தக் குழப்பம் பிடித்துப்போயிற்று.

பெண்ணையாற்றில் கொடுக்க முடியவில்லை.
பெங்களூர் கழுவிவிட்டதெல்லாம்
கெலவரப்பள்ளி மதகில் நுரையாய் ஆளுயரம் நின்றது.
சின்டெக்ஸ் டேங்க் போதுமா என்று
ஒரு கூட்டம் முழுக்க விவாதம்.
முனிரத்னம்தான் சொன்னார்:
"நான் வெடிச்ச பள்ளம் ஒண்ணு இருக்கு.
எங்க படி, எங்க பாதாளம், எனக்குத் தெரியும்."
விடிகாலையில் வந்து கயிறும் கட்டினார்.
என்னைப் பார்த்துச் சொன்னார்,
"என் ஓட்டு அப்படியேதான் இருக்கு."

இடுப்பளவு தண்ணீர், கால் கீழே அறுத்தெடுத்த கல்.
விசுவாசிக்கிறாயா என்றார் பாஸ்டர்.
விசுவாசிக்கிறேன் என்றேன்,
பல் கிட்டித்ததில் பாதிதான் கேட்டிருக்கும்.
சாய்த்தார்.
பச்சை இருட்டு. காதுக்குள் என் ரத்தம்.
எழுந்தபோது பாட்டு வரவில்லை,
கரையிலிருந்து ஒரு குரல்:
"முழங்கை! வலது முழங்கை நனையல!"

தண்ணீரா இரட்சிக்குது, விடுங்க என்றார் ஒருவர்.
அடக்கம் பண்றப்ப கைய வெளிய விடுவியா என்றாள் சின்னதாயி.
பைபிள் திறந்தது. இன்னொரு பைபிள் திறந்தது.
குளிரில் நான் நடுவில்.
பாஸ்டர் யோசித்துக்கொண்டிருந்தார்,
அவர் கை என் மேல் இல்லை.

யாரையும் கேட்கவில்லை.
மூக்கைப் பிடித்துக்கொண்டு
நானே உட்கார்ந்தேன்.
முழங்கையோடு, கொண்டையோடு,
உள்ளே இன்னும் பிரியாமல் கிடந்த கோபத்தோடு.

சபைப் பதிவேட்டில் தேதி இருக்கிறது.
இடம்: கல்குவாரி.
கொடுத்தவர் என்ற கட்டம் காலி.
அது செல்லுமா என்று
வருகிற மாதக் கூட்டத்தில் பேசுகிறார்கள்.
முனிரத்னம் என்ன சொல்வாரோ தெரியாது.
நான் அங்கத்தினர்தானா என்று முடிவானால்தான்
எனக்கு ஓட்டு.
ஆனாலும் முன்வரிசையில் உட்காருவேன்,
இந்தக் கையைத் தூக்கிப் பார்ப்பேன்.